பதினோராம் குரோமோசோமில் ஓர் எழுத்து: கதிர் அரிவாள் சோகை வழியே மரபியல்

பிளஸ் டூ உயிரியலில் மெண்டலின் பட்டாணிச் செடிகள் ஒரு பாடத்தில் வரும். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் எல்லாம் இன்னொரு பாடத்தில் வரும். மாணவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகவே தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். முதல் பாடத்தில் 3:1 என்று கணக்குப் போட்டோமே, அந்தக் ‘காரணி’தான் அடுத்த பாடத்தில் ஏ, டி, ஜி, சி என்ற எழுத்துத் தொடராக வந்து நிற்கிறது என்பது பலருக்குக் கடைசிவரை உறைப்பதில்லை. ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதை மூலக்கூறிலிருந்து குடும்பம்வரை விடாமல் பின்தொடர்ந்தால் இந்த இடைவெளி மறைந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அதற்குக் கதிர் அரிவாள் இரத்தசோகையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1910ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க அமெரிக்கா வந்திருந்த இளைஞர் அவர். கடுமையான சோகை இருந்தது. இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல நீண்டு, இரு முனையும் கூர்மையாகி, கதிர் அரிவாள் போல வளைந்திருந்தன. நோயின் பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் ஏன் வளைகின்றன என்பதற்கான விடை கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் சிவப்பணுவுக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினை எடுத்து மின்புலத்தில் ஓடவிட்டார்கள். நலமாக இருப்பவரின் ஹீமோகுளோபின் ஒரு வேகத்தில் நகர்ந்தது; நோயாளியுடையது வேறு வேகத்தில் நகர்ந்தது. நோய் இல்லாமல், ஆனால் சிவப்பணுக்களில் இந்தக் குணம் லேசாகத் தென்படுபவர்களிடம் இரண்டு வகையும் கலந்திருந்தன. கோளாறு மூலக்கூறிலேயே இருக்கிறது என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஒரு நோயை ‘மூலக்கூறு நோய்’ என்று அழைத்தது அப்போதுதான். அதே ஆண்டில் ஜேம்ஸ் நீல், நோயாளிகளின் பெற்றோர் இருவரிடமும் இந்தக் குணம் லேசான வடிவில் இருப்பதைக் காட்டினார். ஆண்டைக் கவனியுங்கள். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது 1953இல்தான். மரபணு எதனால் ஆனது, எப்படிச் செயல்படுகிறது என்று முழுதாகத் தெரியாத காலத்திலேயே மெண்டலின் கணக்கும் ஒரு புரதத்தின் மின்னூட்டமும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன.

மாற்றம் புரதத்தில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொன்னவர் வெர்னான் இன்கிராம். கேம்பிரிட்ஜில் 1956, 57ஆம் ஆண்டுகளில் அவர் ஹீமோகுளோபினை டிரிப்சின் நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டுகளைத் தாளில் பரவவிட்டார். முப்பது வரையான புள்ளிகளில் ஒன்றே ஒன்று இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருந்தது.

டி.என்.ஏ.விலிருந்து புரதம் வரை

ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறு. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. ஆல்ஃபாவுக்கான மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. பீட்டாவுக்கானது 11ஆம் குரோமோசோமில். நம் கதை பீட்டாவைப் பற்றியது.

குரோமோசோம் என்பது புரதங்களோடு சேர்த்துச் சுற்றி வைக்கப்பட்ட ஒரு நீண்ட டி.என்.ஏ. மூலக்கூறு. டி.என்.ஏ.வில் இரண்டு இழைகள் உண்டு. ஒவ்வொரு இழையிலும் நான்கு வகைக் காரங்கள் வரிசையாக வருகின்றன: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி. ஓர் இழையில் ஏ இருக்கும் இடத்துக்கு எதிரே மற்ற இழையில் டி இருக்கும்; ஜி இருந்தால் எதிரே சி. இந்த இணைவிதியைப் புரிந்துகொண்டால் பாதி மூலக்கூறு மரபியல் கைக்கு வந்துவிட்டது என்றே சொல்வேன். செல் பிரிவதற்கு முன் இரண்டு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு எதிரான புது இழையை உருவாக்கிக்கொள்வது இந்த விதியால்தான். புதிய டி.என்.ஏ.வில் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது என்பதை 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் சோதனையில் நிரூபித்தார்கள்.

மனிதனின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில், அதாவது 23இல், சுமார் 300 கோடி எழுத்து இணைகள் இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி. புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. பீட்டா குளோபின் மரபணு அவற்றில் சிறியது. சுமார் 1,600 எழுத்துகள். அதிலும் புரதத்துக்கான செய்தி 444 எழுத்துகள்தான். அந்தச் செய்தி மூன்று எக்ஸான்களாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவே புரதத்துக்கான செய்தி இல்லாத இரண்டு இன்ட்ரான்கள். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது இன்ட்ரான்களும் சேர்ந்தே வரும். பிறகு அவை வெட்டி நீக்கப்பட்டு, எக்ஸான்கள் மட்டும் ஒட்டப்பட்டு, தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வரும். ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசில் என்பதை நினைவில் வையுங்கள். டி வர வேண்டிய இடத்தில் யு வரும்.

வெளியே ரைபோசோம் காத்திருக்கிறது. அது தூது ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். அந்த மூன்றெழுத்துத் தொகுப்புதான் கோடான். எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்பதை 1960களில் கண்டறிந்தவர்களில் ஹர் கோபிந்த் கொரானா முக்கியமானவர். அதற்காக நிரன்பர்க், ஹோலி ஆகியோருடன் 1968இல் நோபல் பரிசு பெற்றார். ரைபோசோமின் அணு அளவிலான அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இனி பீட்டா குளோபினின் தூது ஆர்.என்.ஏ.வில் செய்தி தொடங்கும் இடத்தை நேரடியாகப் பார்ப்போம்:

ஏயுஜி – ஜியுஜி – சிஏயு – சியுஜி – ஏசியு – சிசியு – ஜிஏஜி – ஜிஏஜி – ஏஏஜி

முதல் கோடான் ஏயுஜி. இது தொடக்கக் கோடான், மெத்தியோனினைக் கொண்டுவரும். புரதம் உருவாகும்போதே இந்த மெத்தியோனின் வெட்டி நீக்கப்படும் என்பதால் அதை எண்ணுவதில்லை. அடுத்து வருபவை வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், மறுபடியும் குளுட்டாமிக் அமிலம், லைசின். இந்த வரிசையில் ஆறாவது இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது ஜிஏஜி, அதாவது குளுட்டாமிக் அமிலம். (மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் ஏழாவது இடம் ஆகும். இரண்டு எண்ணையும் புத்தகங்களில் பார்க்கலாம், குழம்ப வேண்டாம்.)

கதிர் அரிவாள் சோகையில் இந்த ஜிஏஜி, ஜியுஜி ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் ஏ போய் யு வந்துவிட்டது. ஜியுஜி என்றால் வாலின். மற்ற 145 அமினோ அமிலங்களும் அப்படியே இருக்கின்றன.

தேர்வில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஏஜி என்றால், அது எந்த டி.என்.ஏ. இழையைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டதோ அந்த வார்ப்பு இழையில் சிடிசி இருக்க வேண்டும். நோயுள்ள மரபணுவின் வார்ப்பு இழையில் அது சிஏசி. எதிர் இழையில் ஜிஏஜி, ஜிடிஜி. இணைவிதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனப்பாடம் தேவைப்படாது.

எழுத்து மாறினால் எப்போதும் கேடு விளையும் என்று எண்ணிவிடக் கூடாது. இதே ஜிஏஜியின் கடைசி எழுத்து மாறி ஜிஏஏ ஆனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஜிஏஏவும் குளுட்டாமிக் அமிலத்துக்கான கோடான்தான். 64 கோடான்கள் இருக்க, அமினோ அமிலங்கள் 20தான் என்பதால் ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் உண்டு. முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆனால் லைசின் வரும்; அது ஹீமோகுளோபின் சி என்ற வேறொரு வகை. நடு எழுத்தான ஏ, மாறாமல் அடியோடு விட்டுப்போனால்? அப்போதுதான் பெரிய சேதம். அந்த இடத்துக்குப் பிறகு மூன்று மூன்றாகப் படிக்கும் வரிசையே ஓர் எழுத்து நகர்ந்துவிடும். ஜிஏஜி, ஜிஏஜி, ஏஏஜி என்று படிக்க வேண்டியதை ரைபோசோம் ஜிஜிஜி, ஏஜிஏ, ஏஜியு என்று படிக்கும். சற்றுத் தள்ளி யுஜிஏ என்ற நிறுத்தக் கோடான் தோன்றிவிடும். சங்கிலி பாதிகூட எட்டாமல் அறுந்துவிடும். இது கற்பனை உதாரணம் இல்லை. மத்தியதரைக் கடல் பகுதி மக்களிடம் காணப்படும் பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலி குறைவதால் அல்லது இல்லாமல் போவதால் வரும் மரபுவழிச் சோகை) வகைகளில் ஒன்று இப்படித்தான் ஏற்படுகிறது. ஒரே எழுத்து. மாறினால் ஒரு நோய், விடுபட்டால் இன்னொரு நோய்.

ஓர் அமினோ அமிலம் மாறினால் செல் ஏன் வளைய வேண்டும்?

குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலினுக்கு மின்னூட்டம் இல்லை. தண்ணீரிலிருந்து ஒதுங்கப் பார்க்கும். பாலிங் 1949இல் பார்த்த வேக வேறுபாட்டுக்குக் காரணம் இதுதான். ஒரு மூலக்கூறில் இரண்டு பீட்டா சங்கிலிகள், ஆகவே இரண்டு எதிர் மின்னூட்டங்கள் குறைந்துபோயின. மின்புலத்தில் அது மெதுவாக நகர்ந்தது.

ஆறாம் இடம் ஹீமோகுளோபினின் வெளிப்பரப்பில் இருக்கிறது. ஆக்சிஜனைத் திசுக்களுக்குக் கொடுத்துவிட்ட பிறகு ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறும். அப்போது பீட்டா சங்கிலியின் இன்னொரு பக்கத்தில், 85, 88ஆம் அமினோ அமிலங்களை ஒட்டி, ஒரு சிறு குழி வெளியே தெரியும். ஒரு மூலக்கூறின் வாலின் பக்கத்து மூலக்கூறின் குழியில் ஜாக்கெட்டின் டிச் பட்டன் போலப் போய்ப் பதிந்துகொள்ளும். அந்த மூலக்கூறின் வாலின் அடுத்ததில், அது அதற்கடுத்ததில். ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கமாக இருக்கின்றன. அவை இப்படிச் சேர்ந்து நீண்ட, விறைப்பான நார்களாக மாறி, சிவப்பணுவின் சவ்வை உள்ளிருந்து தள்ளி வளைத்துவிடுகின்றன. நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் கிடைத்ததும் நார்கள் கரைந்து செல் பழைய வடிவத்துக்கு வரலாம். திரும்பத் திரும்ப வளைந்தால் சவ்வு கெட்டு, வளைந்த வடிவமே நிலைத்துவிடும்.

மற்றவை எல்லாம் இதன் தொடர்ச்சி. வழக்கமான சிவப்பணு 120 நாள் வாழும். வளைந்த செல் 10 முதல் 20 நாளில் அழியும். எலும்பு மஜ்ஜை ஈடுகொடுக்க முடியாமல் சோகை வருகிறது. விறைத்த செல்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொள்வதால் எலும்பிலும் நெஞ்சிலும் தாங்க முடியாத வலி வருகிறது. மண்ணீரல் சிறுவயதிலேயே கெட்டுப்போய்த் தொற்றுகளை எதிர்க்கும் சக்தி குறைகிறது. மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டால் குழந்தைகளுக்கும்கூடப் பக்கவாதம் வரும். இந்த வலி வெளியே தெரியாத வலி. “சும்மா படுத்துக் கிடக்கிறான்” என்று பேச்சு வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். செல்லுக்குள் நார்கள் உருவாகும் கதையை வகுப்பில் படித்தவர்களாவது அப்படிச் சொல்லாமல் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உடலின் எல்லாச் செல்களிலும் இந்த மரபணு இருக்கும்போது கண்ணோ தோலோ ஏன் ஹீமோகுளோபினைத் தயாரிப்பதில்லை? மரபணு இருப்பது வேறு, செயல்படுவது வேறு. பீட்டா குளோபின் மரபணு எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக வளர்ந்துவரும் செல்களில்தான் முழு வீச்சில் செயல்படும். இரண்டாவது கேள்வி: முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லையே, இரத்தத்தை எடுத்து எப்படி டி.என்.ஏ. பரிசோதனை செய்கிறார்கள்? வெள்ளையணுக்களில் உட்கரு இருக்கிறது. அங்கிருந்து எடுக்கிறார்கள்.

குடும்பத்துக்குள் எப்படி இறங்குகிறது

நம் ஒவ்வொருவரிடமும் 11ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கிறது. ஆகவே பீட்டா குளோபின் மரபணுவும் இரண்டு. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். வழக்கமான வடிவத்தை ஏ அல்லீல் என்றும் மாறிய வடிவத்தை எஸ் அல்லீல் என்றும் வைத்துக்கொள்வோம். (காரமான ஏ வேறு, இந்த ஏ வேறு.) இரண்டும் ஏ என்றால் ஏஏ. ஒன்று ஏ, ஒன்று எஸ் என்றால் ஏஎஸ். இவர்கள் கடத்திகள், பொதுவாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்பவர்கள். இரண்டும் எஸ் என்றால் நோய்.

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குன்றல் பகுப்பு நடக்கிறது. இணையாக இருந்த குரோமோசோம்கள் பிரிந்து, ஒவ்வொரு இணையிலிருந்தும் ஒன்று மட்டும் ஓர் இனச்செல்லுக்குள் போகிறது. மெண்டல் 1865இல் புருன் நகரில் விளக்கிய ‘காரணிகள் பிரிதல்’ என்பது கண்ணால் பார்க்கக்கூடிய இந்த நிகழ்வுதான். அவருக்குக் குரோமோசோம் தெரியாது. 5,474 உருண்டை விதைகளையும் 1,850 சுருங்கிய விதைகளையும் எண்ணிப் பார்த்தே அதைக் கண்டுகொண்டார்.

அப்பா ஏஎஸ், அம்மா ஏஎஸ் என்று வைத்துக்கொள்வோம். விந்தணுக்களில் பாதி ஏ சுமக்கும், பாதி எஸ். கருமுட்டையிலும் அப்படியே. அப்பா ஏ, அம்மா ஏ என்றால் குழந்தை ஏஏ. அப்பா ஏ, அம்மா எஸ் என்றாலும், அப்பா எஸ், அம்மா ஏ என்றாலும் ஏஎஸ். இருவரிடமிருந்தும் எஸ் வந்தால் எஸ்எஸ். நான்கு சாத்தியமும் சம வாய்ப்புள்ளவை. ஆகவே ஏஏ கால் பங்கு, ஏஎஸ் அரைப் பங்கு, எஸ்எஸ் கால் பங்கு. புன்னட் கட்டம் சொல்வது இவ்வளவுதான்.

இந்தக் கால் பங்கைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். “நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மற்றவர்களுக்குப் பயமில்லை” என்று நம்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி இல்லை. ஒவ்வொரு கருத்தரிப்பிலும் வாய்ப்பு புதிதாகக் கால் பங்குதான். முந்தைய பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பது அடுத்த கருமுட்டைக்குத் தெரியாது. நான்கு பிள்ளைகள் பிறந்து ஒருவருக்குக்கூட நோய் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு முக்காலை நான்கு முறை பெருக்கினால் வரும்: 81/256, அதாவது ஏறத்தாழ 32 சதவீதம். இரண்டே பிள்ளைகள் பிறந்து இருவருக்கும் நோய் இருக்கும் வாய்ப்பு 1/16. இரண்டும் நடக்கக்கூடியவை, நடந்தும் இருக்கின்றன.

நீட் போன்ற தேர்வுகளில் வரும் இன்னொரு கணக்கு: ஒரு பிள்ளைக்கு நோய், அதன் அண்ணன் நலமாக இருக்கிறான், அவன் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு என்ன? அரை என்று எழுதினால் தவறு. அவன் எஸ்எஸ் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மீதி மூன்று சாத்தியங்களில் இரண்டு ஏஎஸ். விடை மூன்றில் இரண்டு பங்கு.

11ஆம் குரோமோசோம் பால் குரோமோசோம் அல்ல. எனவே ஆண், பெண் வேறுபாடு இல்லாமல் இந்த நோய் வரும். நிறக்குருடு, ஹீமோஃபீலியா போன்றவை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அவற்றின் கணக்கு வேறு. எஸ்எஸ் குழந்தையிடம் அப்பாவின் எஸ்ஸும் அம்மாவின் எஸ்ஸும் சரிபாதியாக இருக்கின்றன. நோயுள்ள குழந்தையைப் பெற்றதற்காகத் தாயை மட்டும் குறை சொல்லும் வீடுகளில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் அதையும் தொட்டாக வேண்டும். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்கள். அந்த முன்னோர் ஒருவரின் ஒரே அல்லீல் இரு வழியாகவும் இறங்கி, இவர்களின் குழந்தையிடம் இரட்டையாகச் சேரும் வாய்ப்பு ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கு 1/16. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் என்றால் 1/8. சொந்தத் திருமணம் புதிய நோயை உருவாக்குவதில்லை. ஒற்றையாக மறைந்திருக்கும் அல்லீல் இரட்டையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

எஸ் ஒடுங்கு அல்லீலா?

இந்தக் கேள்வியில்தான் இரண்டு பாடங்களும் உண்மையில் ஒன்றுசேர்கின்றன. நோயைப் பார்த்தால், ஒரு எஸ் இருந்தால் நோய் இல்லை, இரண்டு இருந்தால்தான் நோய். ஆகவே எஸ் ஒடுங்கு தன்மையுள்ளது. செல்லைப் பார்த்தால், கடத்தியின் சிவப்பணுக்களும் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் ஓரளவு வளையும். இது இடைப்பட்ட நிலை, முழுமையற்ற ஓங்குத்தன்மை. புரதத்தைப் பார்த்தால், கடத்தியின் இரத்தத்தில் இரண்டு வகை ஹீமோகுளோபினும் இருக்கும். மின்புலத்தில் இரண்டு பட்டைகள் தெரியும். இது இணை ஓங்குத்தன்மை. எழுத்து அதேதான். எந்த மட்டத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

ஒடுங்கு அல்லீல் என்றால் பலமற்றது, அமுக்கப்பட்டுக் கிடப்பது என்று நினைப்பது பெரும் தவறு. கடத்தியின் உடலில் எஸ் அல்லீல் தொடர்ந்து படியெடுக்கப்பட்டுப் புரதத்தைத் தந்துகொண்டே இருக்கிறது. அவருடைய ஹீமோகுளோபினில் 35 முதல் 40 சதவீதம் எஸ் வகைதான். மீதி ஏ வகை நடுவில் புகுந்து நார்கள் நீளாமல் தடுப்பதால் அவர் நலமாக இருக்கிறார். மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்கும் மூலக்கூறு விளக்கம் 1990இல் கிடைத்தது. ஸ்டார்ச்சைக் கிளைகளாகப் பிரிக்கும் ஒரு நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்துள்ள வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைக் கெடுத்திருந்தது. கெடாத ஒரு பிரதி இருந்தாலே போதுமான நொதி கிடைத்துவிடும், விதை உருண்டையாகும். அங்கே ஓங்கு தன்மைக்குக் காரணம் அது.

இவ்வளவு துன்பம் தரும் அல்லீல் தலைமுறை தலைமுறையாக ஏன் நீடிக்கிறது? 1954இல் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வில் விடை கிடைத்தது. ஏஎஸ் குழந்தைகளுக்குக் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருந்தது. மலேரியா மிகுந்த இடங்களில் ஏஏ குழந்தைகள் மலேரியாவில் இறந்தார்கள், எஸ்எஸ் குழந்தைகள் சோகையில் இறந்தார்கள், ஏஎஸ் குழந்தைகள் பிழைத்து வளர்ந்து எஸ்ஸை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் இந்த அல்லீல் இருப்பது 1952இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அதைக் கண்டார்கள். பணியர், இருளர், குறும்பர் சமூகங்களில் கடத்திகள் கணிசமாக இருக்கிறார்கள். மத்திய இந்தியாவின் பழங்குடி மக்களிடமும் இது பரவலாக இருக்கிறது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசியக் கதிர் அரிவாள் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுவரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. பரிசோதனை நல்லதுதான். ஆனால் கடத்தி என்று தெரிந்த ஒருவரை நோயாளியாகவோ திருமணத்துக்குத் தகுதியற்றவராகவோ நடத்தினால் அது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். ஏஎஸ்ஸும் ஏஏவும் மணந்தால் எந்தக் குழந்தைக்கும் இந்த நோய் வராது. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை: துணைவரிடம் எஸ் இல்லை என்பதோடு நிறுத்தாமல் பீட்டா தலசீமியா அல்லீல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் எஸ், மறுபக்கம் தலசீமியா அல்லீல் சேர்ந்தாலும் நோய் வரும்.

எழுத்தைத் திருத்த முடியுமா?

ஒரு டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். முறையை இன்று எல்லோருக்கும் தெரியும். அந்த முறையைப் பயன்படுத்திய முதல் ஆய்வுக் கட்டுரை 1985இல் வெளியானபோது, இதே பீட்டா குளோபின் துண்டைப் பெருக்கி எஸ் அல்லீலைக் கண்டறிவதைத்தான் செய்து காட்டியது.

சிகிச்சைக்கான வழி குழந்தைகளிடமிருந்து கிடைத்தது. எஸ்எஸ் குழந்தை பிறந்தவுடன் நலமாகவே இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில்தான் நோய் தலைகாட்டும். கருவில் இருக்கும்போது உடல் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலியைப் பயன்படுத்துகிறது. அதற்கான மரபணுவில் கோளாறு இல்லை. பிறந்த பிறகு காமா குறைந்து பீட்டா கூடும். அப்போது எஸ் வெளிப்படும். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை காமா வகையை ஓரளவு கூட்டி வலியைக் குறைக்கிறது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை இன்னும் ஆழமாகச் செல்கிறது. நோயாளியின் இரத்த மூலச்செல்களை எடுத்து, காமாவை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணு அந்தச் செல்களில் செயல்படத் தேவையான இடத்தை, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்ட உதவும் கிரிஸ்பர் முறையில் வெட்டுகிறார்கள். அடக்குபவர் போனதும் காமா திரும்ப வருகிறது. எஸ் எழுத்து அப்படியே இருக்கிறது. அதன் பக்கமே போகவில்லை.

இனி ஒரு கணக்கு. இந்தச் சிகிச்சை பெற்று நலமான ஓர் எஸ்எஸ் ஆண், ஏஎஸ் பெண்ணை மணக்கிறார். குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? மாற்றப்பட்டவை அவருடைய எலும்பு மஜ்ஜைச் செல்கள் மட்டும். விந்தணுக்கள் பழைய எஸ்ஸையே சுமக்கின்றன, எல்லாமே எஸ்தான். பெண்ணின் கருமுட்டையில் பாதி எஸ். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு சரிபாதி, சிகிச்சைக்கு முன் எவ்வளவோ அவ்வளவேதான்.